சொல்லாமல் மாற்றிய விதி
ஆன்லைன் விளையாட்டில் செய்யும் மாற்றங்களை எல்லாம் கம்பெனிகள் ஆட்டக்காரர்களுக்கு விவரமாகச் சொல்ல வேண்டுமா? கொரியாவில் சொல்லாமல் விட்டதற்கு விதிக்கப்பட்ட அபராதம் 1,164 கோடி வான்.

2021 பிப்ரவரியில் தென் கொரியாவின் நெக்ஸான் கம்பெனி, தனது ‘மேப்பிள் ஸ்டோரி’ விளையாட்டில் செய்யப்போகும் மாற்றங்களைப் பட்டியலிட்டு வழக்கம்போல ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அதில் ஒரு வரி: ஆயுதங்களுக்கும் கவசங்களுக்கும் சேரும் கூடுதல் சக்திகள் அனைத்தும் சம வாய்ப்புடன் கிடைக்கும்படி திருத்தப்படுகிறது. படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். இப்போதுதான் சமமாக்கப்படுகிறது என்றால், இதுவரை எப்படி இருந்தது?

கோபம் கொண்ட ஆட்டக்காரர்கள் எலெக்ட்ரானிக் பலகை பொருத்திய லாரிகளை அனுப்பி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நெருக்கடி முற்றவே, அடுத்த மாதம் ‘க்யூப்’ என்ற பொருளின் வாய்ப்பு விகிதங்களையும் நெக்ஸான் வெளியிட்டது. காசு கொடுத்து க்யூப் வாங்கினால் ஆயுதத்தின் சக்திகளைக் குலுக்கல் முறையில் மாற்றிக்கொள்ளலாம். பலரும் ஆசைப்பட்டுத் திரும்பத் திரும்பப் பணம் செலவழித்த சில கூட்டணிகள் கிடைக்கும் வாய்ப்பு பூஜ்யம் என்று அப்போதுதான் தெரிந்தது.

2024 ஜனவரியில் கொரிய நியாய வணிகக் கமிஷன் தீர்ப்புச் சொன்னது. 2010 மே மாதம் க்யூப் அறிமுகமானபோது வாய்ப்புகள் சமமாக இருந்தன. அதே செப்டம்பரில் அதிகம் விரும்பப்பட்ட சக்திகளின் வாய்ப்பு குறைக்கப்பட்டது. 2011 ஆகஸ்டில் சில கூட்டணிகள் அறவே நிறுத்தப்பட்டன. எதையும் ஆட்டக்காரர்களுக்குச் சொல்லவில்லை. மாற்றம் எதுவும் இல்லை என்றே அறிவிப்பு வந்தது என்று கமிஷன் கண்டறிந்தது. அபராதம் 1,164 கோடி வான், அன்றைய மதிப்பில் 70 கோடி ரூபாய்க்கும் மேல். அதே ஆண்டு நவம்பரில் கொரிய உச்ச நீதிமன்றம், ஓர் ஆட்டக்காரர் செலவிட்ட தொகையில் 5 சதவீதத்தைத் திருப்பித் தரும் உத்தரவை உறுதி செய்தது.

பழைய காலத்து விளையாட்டுகளில் இந்தப் பிரச்சினை இல்லை. கேசட்டிலோ குறுந்தகட்டிலோ வாங்கிய ஆட்டம் கடைசி வரை அதே ஆட்டம்தான். இன்று விளையாட்டு கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. இரவு தூங்கப் போகும்போது ஒரே குண்டில் எதிரியைச் சாய்த்த துப்பாக்கி, காலையில் இரண்டு குண்டு கேட்கலாம். என்ன மாறியது என்று சொல்லும் குறிப்பு ஒன்றே ஆட்டக்காரரின் கையில் இருக்கும் ரசீது.

சில கம்பெனிகள் இந்த ரசீதைத் தாராளமாகவே தருகின்றன. ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ விளையாட்டை நடத்தும் ரயட் கேம்ஸ், ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றங்களை வெளியிடுகிறது. எந்த வீரனின் எந்தச் சக்தி எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு மாறியது என்பதோடு, ஏன் மாற்றினோம் என்ற விளக்கமும் உண்டு. வால்வ் கம்பெனியின் ‘டோட்டா 2’ மாற்றப் பட்டியல்களைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பாடப் புத்தகம்போல் படிக்கிறார்கள். 2021இல் இதன் உலகப் போட்டிக்கான பரிசுத் தொகை 4 கோடி டாலர். இவ்வளவு பணம் புழங்கும் களத்தில் ஓர் எண் மாறினால்கூட வெற்றி தோல்வி மாறும்.

சிறு படைப்பாளிகளும் பின்தங்கவில்லை. ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்’ விளையாட்டில் 2015இல் பூனைகள் காரணமில்லாமல் செத்து விழுந்தன. மதுக்கடைத் தரையில் சிந்திய மதுவில் நடந்த பூனைகள், பாதத்தை நக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரு முழுக் கோப்பை குடித்ததாகக் கணக்காகி, போதை தலைக்கேறிச் செத்தன என்பது ஆராய்ந்தபோது தெரிந்தது. அந்தப் பிழையும் அதைத் திருத்திய கதையும் இன்றுவரை பேசப்படுகின்றன. ஒளிக்காமல் சொன்ன பிழை கம்பெனிக்கு அவமானமாகவில்லை, விளம்பரமாகவே ஆனது.

மறுபக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஏமாற்று சாஃப்ட்வேர்களைப் பிடிக்கச் செய்யும் மாற்றங்களை விவரித்தால், தப்பிக்கும் வழியை ஏமாற்றுக்காரர்களுக்கே கற்றுக்கொடுத்ததாகும். புதிய பகுதிகளில் ஒளித்துவைத்த ஆச்சரியங்கள் அறிவிப்பிலேயே அம்பலமாகிவிட்டால் ஆட்டத்தின் சுவை போய்விடும். நாலைந்து பேர் கொண்ட சிறு கம்பெனிக்கு நூற்றுக்கணக்கான மாற்றங்களை எழுதி, பல மொழிகளில் பெயர்ப்பது பெரிய சுமை.

குறிப்பே ஆட்டத்தைக் கெடுப்பதும் உண்டு. லீக் ஆஃப் லெஜண்ட்ஸின் ஆரம்ப ஆண்டுகளில் ‘விளாடிமிர்’ என்ற பாத்திரத்தின் சக்தி குறைக்கப்பட்டதாகக் குறிப்பில் வந்தது. ஆனால் அந்த மாற்றம் தவறுதலாக விளையாட்டில் சேர்க்கப்படவில்லை. இருந்தும் விளாடிமிரின் வெற்றி விகிதம் சரிந்தது. பலம் போய்விட்டது என்று படித்தவர்கள் அதை நம்பி ஆடி, நம்பியே தோற்றார்கள். எண்களைப் பார்த்து ஆட்டக்காரர்கள் அவசர முடிவுக்கு வருகிறார்கள் என்று கம்பெனிகள் முணுமுணுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் சொல்லாவிட்டால் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று எண்ணுவது அதைவிடப் பெரிய தவறு. ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்களில் ஒருவராவது கடிகாரமும் கணக்குப் புத்தகமுமாக உட்காருவார். 2017 நவம்பரில் ‘டெஸ்டினி 2’ விளையாட்டில் அதுதான் நடந்தது. திரையில் காட்டிய அனுபவப் புள்ளிகள் ஒன்று, கணக்கில் சேர்ந்தவை வேறு என்று ஆட்டக்காரர்கள் அளந்து காட்டினார்கள். பங்கி கம்பெனி ஒப்புக்கொண்டு அந்த ஏற்பாட்டை நீக்கியது. ஆனால் அதே கையோடு, ஒரு படி ஏறத் தேவையான புள்ளிகள் 80,000இலிருந்து 1,60,000 ஆக உயர்ந்திருந்தன. அறிவிப்பு இல்லை. அதுவும் உடனே பிடிபட்டது. இங்கும் பின்னணியில் காசு இருந்தது: புள்ளி சேர்த்துப் பெறும் பரிசுப் பெட்டிகளைப் பணம் கொடுத்தும் வாங்கலாம்.

எல்லாவற்றையும் சொல், எதையும் சொல்லாதே என்ற இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது. ஆட்டக்காரரின் பணம், குலுக்கல் வாய்ப்பு, போட்டியின் முடிவு ஆகிய மூன்றையும் தொடும் மாற்றங்கள் முன்கூட்டியே எண்களோடு வர வேண்டும். ஏமாற்றைத் தடுக்கும் ஏற்பாடுகளை ஒரு வரியில் சொல்லி விவரத்தை மறைத்துக்கொள்ளலாம். கதையின் ஆச்சரியங்கள் ஆச்சரியங்களாகவே இருக்கட்டும். ‘ஹார்த்ஸ்டோன்’ சீட்டு விளையாட்டில் பிளிசார்ட் கம்பெனி கடைப்பிடித்த முறை கவனிக்கத்தக்கது: ஒரு சீட்டின் பலத்தைக் குறைத்தால் அதை அறிவிப்பதோடு, அந்தச் சீட்டைக் கலைப்பவர்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு முழு மதிப்பையும் தந்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் காட்சிப் போட்டியாக நடந்தபோது இந்தியாவின் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றது இதே ஆட்டத்தில்தான்.

அரசுகளும் இந்த வழியில்தான் போகின்றன. குலுக்கல் பெட்டிகளின் வாய்ப்பு விகிதங்களை வெளியிட வேண்டும் என்று சீனா 2017 மே முதல் கட்டாயமாக்கியது. அதே டிசம்பரில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரில் இதே விதியைக் கொண்டுவந்தது. தென் கொரியாவில் 2024 மார்ச் 22 முதல் இது சட்டம்.

இந்தியாவில் 2022 டிசம்பரில் இ-ஸ்போர்ட்ஸுக்கு மத்திய அரசின் அங்கீகாரம் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸை ஊக்குவிப்பதாகச் சொல்கிறது. இணைய வியாபாரத் தந்திரங்கள் 13ஐப் பட்டியலிட்டு 2023 நவம்பரில் வெளியான நுகர்வோர் வழிகாட்டு நெறிகளில், விற்ற பொருளைச் சொல்லாமல் மாற்றுவது தனித் தலைப்பாக இடம்பெறவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரம், அளவு, விலை பற்றித் தகவல் அறியும் உரிமையைத் தருகிறது. செல்போனில் ஆடும் இந்திய இளைஞருக்கு நடைமுறையில் பல சமயம் கிடைப்பதோ, சில பிழைகள் திருத்தப்பட்டன என்ற ஒரே வரி. அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

ஒருநாள் கிரிக்கெட்டில் 34 ஓவருக்குப் பிறகு ஒரே பந்துதான் என்று 2025 ஜூலையில் விதி மாறியது. ஐசிசி அதை முன்கூட்டியே அறிவித்தது. அறிவிக்காமல் மாற்றியிருந்தால் பந்து வீச்சாளர் சும்மா இருந்திருப்பாரா? கிரிக்கெட் ரசிகர் எதிர்பார்க்கும் அந்த மரியாதையைத்தான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரரும் கேட்கிறார். விதியை மாற்றும் உரிமை கம்பெனிக்கு இருக்கட்டும். காசு கொடுப்பவருக்கு அது எப்போது மாறியது என்றாவது தெரிய வேண்டும்.