புழுதியை வடிகட்டும் காகிதம்: தில்லி கார்களில் கவனம் பெறாத பாகம்

புது தில்லி: கோடையில் ராஜஸ்தான் பக்கமிருந்து வீசும் புழுதிக்காற்று, குளிர்காலத்தில் சாலையை மறைக்கும் புகைமூட்டம். தலைநகரவாசிகள் முகக்கவசம் அணிந்து சமாளிக்கின்றனர். அதே காற்றைத்தான் தங்களது கார் இன்ஜினும் உள்ளிழுக்கிறது என்பது பலருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

வாகனப் புகையைக் கட்டுப்படுத்த தில்லியில் நடவடிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. 1998-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை அடுத்து நகரப் பேருந்துகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. நாட்டின் பிற பகுதிகளுக்கு முன்னதாகவே, 2018 ஏப்ரலில் பிஎஸ்-6 தர எரிபொருள் இங்கு விற்பனைக்கு வந்தது. 2019 நவம்பரில் பொது சுகாதார நெருக்கடி நிலையும் அறிவிக்கப்பட்டது. மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்காகச் சோதிக்கப்படுவது வாகனம் வெளியிடும் புகை மட்டுமே. அது உள்ளிழுக்கும் காற்றைக் கவனிக்க வேண்டியவர் உரிமையாளர்தான்.

9 ஆயிரம் லிட்டர் காற்று

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று தேவை. அதாவது, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9 ஆயிரம் லிட்டர் காற்று. இவ்வளவும் மடிப்பு மடிப்பாக அமைந்த ஒரு வடிகட்டியின் வழியாகவே இன்ஜினுக்குள் செல்கிறது. பெரும்பாலான கார்களில் காகிதத்தால் ஆன இதுவே ஏர் ஃபில்டர்.

புழுதியில் உள்ள மணல் துகள்கள் கடினமானவை. அவை உள்ளே புகுந்தால் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். நாளடைவில் இன்ஜினின் இழுவை குறையும். ஆயிலும் சேர்ந்து எரிந்து நீலப்புகை வரும். சில நூறு ரூபாய் பாகத்தைப் புறக்கணித்ததற்கு, இன்ஜினையே பிரித்துப் பழுதுபார்க்கும் செலவு தண்டனையாகும்.

ஏர் ஃபில்டர் அடைபட்டால் மைலேஜ் குறையும் என்பது கார்பரேட்டர் கால அனுபவம். கணினியே எரிபொருளை அளந்து தரும் இன்றைய பெட்ரோல் கார்களில் அந்த அறிகுறி தெரிவதில்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் வெளியிட்ட சோதனை முடிவின்படி, இத்தகைய கார்களில் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை. வேகமெடுக்கும் திறனே குறைந்தது. எனவே, மைலேஜ் சரியாக இருக்கிறதே என்று இருந்துவிடாமல், திறந்து பார்ப்பதே ஒரே வழி.

பராமரிப்பது எப்படி?

பானெட்டுக்கு அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இந்த வடிகட்டி இருக்கும். கிளிப்புகளை விடுவித்து எளிதில் எடுக்கலாம். லேசாகத் தட்டினாலே மேலோட்டமான தூசி உதிரும். காற்றடித்துச் சுத்தம் செய்வதானால், குறைந்த அழுத்தத்தில், சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கம் நோக்கி அடிக்க வேண்டும். அதிக அழுத்தம் காகிதத்தைக் கிழித்துவிடும். காகித வடிகட்டியைத் தண்ணீரில் கழுவவே கூடாது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது ஒளி ஊடுருவாவிட்டாலும், கிழிசலோ எண்ணெய்க் கறையோ தென்பட்டாலும் மாற்றிவிட வேண்டும். மாற்ற வேண்டிய தூரம் காருக்குக் கார் மாறுபடும். அது வாகனக் கையேட்டில் உள்ளது. நொய்டா, குருகிராம் போன்ற கட்டுமானப் பணிகள் மிகுந்த பகுதிகளில் அன்றாடம் ஓடும் கார்களுக்கு அதற்கு முன்னரே மாற்றுவது நல்லது.

புதியதைப் பொருத்தும் முன் பெட்டியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்து உலரவிட வேண்டும். ரப்பர் விளிம்பு சரியாகப் படியாவிட்டால், அந்த இடைவெளி வழியே தூசி வடிகட்டப்படாமலேயே நுழையும். ஏர் ஃபில்டர் இல்லாமல் சிறிது தூரம்கூட ஓட்டக் கூடாது.

காருக்குள் இருப்பவர்களின் நுரையீரலை இந்த வடிகட்டி காப்பதில்லை. அதற்கெனப் பல கார்களில், முன் இருக்கைக்கு எதிரே உள்ள பொருள் வைக்கும் அறையின் பின்புறம், ஏ.சி. காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் தனியாக உண்டு. புழுதிக்காற்று ஓய்ந்ததும் ஒருமுறை, புகைமூட்டம் தொடங்கும் முன் ஒருமுறை என இரண்டையும் திறந்து பார்த்தால், இன்ஜினுக்கும் நல்லது, பயணிகளுக்கும் நல்லது.