வீட்டார் வராத சிகிச்சை

பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்குக் குடிநோயும் இருந்தால், அதற்கு மருத்துவம் பெறும் உரிமையைச் சட்டம் பறிக்கவில்லை. மது, போதைப்பொருள் பழக்கத்தோடு வரும் மனநலக் கோளாறுகளையும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்றே கொள்கிறது. சிறை மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி தரவும் அது அரசைக் கட்டாயப்படுத்துகிறது. தடைகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

முதல் தடை கைதான நாளிலேயே தொடங்குகிறது. சிதம்பரம் பக்கத்துக் கிராமத்தில் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்கில் பிடிபட்டவர் ரிமாண்டில் கடலூர் கேப்பர் மலை மத்திய சிறைக்கு வருகிறார் என்று கொள்வோம். ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்தவருக்குக் குடி நின்ற சில மணி நேரத்தில் கை நடுங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளை ஒட்டி மனம் குழம்பி இல்லாத உருவங்கள் தெரியலாம். கவனிக்காவிட்டால் உயிர் போகும். கடைசியாக எப்போது குடித்தார் என்பது மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் வாயைத் திறந்தால் வழக்கு இறுகிவிடும் என்று கைதி அஞ்சுவார். சக கைதிகளுக்கு வழக்கின் தன்மையே தெரியக் கூடாது என்று நினைப்பவர், குழு ஆலோசனையில் மனம்விட்டுப் பேசுவது அரிது.

தண்டனைக் காலத்தில் குடி கிடைக்காது. அதனால் நோய் தீர்ந்தது என்று எல்லோரும் எண்ணிவிடுகிறார்கள். இது பெரிய பிழை. வேட்கை அடங்கிக் கிடக்கிறதே தவிர அறுபடவில்லை. விடுதலையானவருக்கு மலிவுச் சாராயத்துக்குப் பெயர்போன புதுச்சேரி, கடலூரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள்தான்.

எல்லாவற்றிலும் கடினமான தடை குடும்பம். நம் ஊர்க் குடிநோய் சிகிச்சை வீட்டாரை நம்பியே நடக்கிறது: மனைவியோ தாயோ கூட வருவார், மாத்திரையை எடுத்துக் கொடுப்பார், தவணை தவறாமல் அழைத்துவருவார். பாலியல் வழக்குகளிலோ பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் தெரிந்தவர். பல நேரம் அதே வீட்டுக் குழந்தை. அந்தக் குழந்தையின் தாயிடம் இந்தப் பொறுப்பைக் கேட்பதே கொடுமை. வயதுவந்தவர் தன் விருப்பத்தில் தானே சேரலாம் என்று சட்டம் சொன்னாலும், வீட்டார் கையெழுத்தைக் கேட்கும் தனியார் மையங்களில் தனியாக வருபவருக்கு இடம் கிடைப்பது கடினம்.

ஊரார் பார்வையும் ஒரு தடை. அமெரிக்காவில் பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்ற பலரின் பெயரும் முகவரியும் பொதுப் பதிவேட்டில் வெளியாகின்றன. அதைப் பார்த்தே விடுதிகளும் மையங்களும் மறுப்பதுண்டு. இந்தியாவில் 2018-இல் தொடங்கிய தேசியப் பதிவேடு காவல்துறையின் பார்வைக்கு மட்டும். எனினும் கிராமத்துக்குப் பதிவேடு தேவையில்லை, ஊருக்கே தெரியும்.

சிகிச்சை தண்டனைக் குறைப்பு ஆகாது. குடியை நிறுத்தினால் பாலியல் வன்முறையும் தானே நின்றுவிடும் என்பதும் இல்லை; அதற்குத் தனி உளவியல் சிகிச்சை வேண்டும். ஆனால் கட்டற்ற குடி, அடுத்த குழந்தைக்கான ஆபத்தைக் கூட்டுகிறது.

வழக்கே இல்லாதவர்களுக்கும் சிகிச்சை எளிதல்ல. 2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் சிகிச்சை கிடைத்திருந்தது. சிறையிலிருந்து வருபவரோ அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறார். விடுதலை நாளில் அவர் கையில் மருத்துவக் குறிப்பும், அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கோ கடலூர் தலைமை மருத்துவமனைக்கோ வரவேண்டிய தேதியும், பாதிக்கப்பட்டவர் வாழும் தெருவிலிருந்து தள்ளி ஒரு தங்குமிடமும் இருந்தால், வீட்டார் இல்லாமலும் சிகிச்சையைத் தொடர முடியும்.