மவுஸ் க்ளிக்கில் வன விலங்குக் கணக்கெடுப்பு

ஆப்பிரிக்க வன விலங்குகளைக் கணக்கெடுக்கும் பணியில் தொண்டராகச் சேர விருப்பமா? நேரில் போவதென்றால் விமான டிக்கெட், விசா, தங்குமிடம் என்று பெரிய தொகை வேண்டும். ஆனால் இன்டர்நெட் இணைப்புள்ள கம்ப்யூட்டரும் ஒரு மவுஸும் இருந்தால் வீட்டிலிருந்தே உதவலாம். சாப்ட்வேர் துறையில் பணிபுரியும் நான் ஞாயிறு இரவுகளில் இதைத்தான் செய்து வருகிறேன்.

தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவில் 2010ல் அலெக்ஸாண்ட்ரா ஸ்வான்சன் என்ற ஆய்வாளர், 1,125 சதுர கிலோமீட்டர் பரப்பில் 225 தானியங்கி கேமராக்களை அமைத்தார். சிங்கம், கழுதைப்புலி, சிவிங்கிப்புலி ஆகியவை ஒரே நிலத்தில் எப்படிப் பிழைக்கின்றன என்பது அவர் எழுப்பிய கேள்வி. உடல் சூட்டையும் அசைவையும் உணர்ந்து இந்தக் கேமரா படம் எடுக்கும். வெயிலில் சூடான புல் காற்றில் ஆடினாலும் எடுத்துவிடும்! 2013 வரை சேர்ந்த 12 லட்சம் படத் தொகுப்புகளில் விலங்கு இருந்தவை சுமார் 3,22,000 மட்டுமே.

இவற்றைப் பிரித்தறிய 2012 டிசம்பரில் ஜூனிவர்ஸ் இணைய தளத்தில் 'ஸ்னாப்ஷாட் செரெங்கெட்டி' தொடங்கப்பட்டது. "விலங்கியல் படிக்காத நான் தவறாகச் சொல்லிவிட்டால்?" என்று நீங்கள் கேட்கலாம். இங்குதான் எனக்குப் பிடித்த புரோகிராம் வேலை இருக்கிறது. ஒரே படம் பலருக்குக் காட்டப்படும். முதல் ஐந்து பேரும் 'எதுவும் இல்லை' என்றால் படம் விலக்கப்படும். பத்து பேர் ஒரே விலங்கைச் சொன்னால் முடிந்தது. இழுபறி என்றால் 25 பேர் வரை போகும். அதிக ஓட்டு பெற்ற விடையே பதிவாகும். நிபுணர்கள் பார்த்த 4,149 தொகுப்புகளுடன் ஒப்பிட்டபோது, 96.6 சதவீதம் சரியாக இருந்தது. ஆனால் அரிய விலங்குகளில்தான் தவறு அதிகம். அழியும் நிலையில் உள்ளவற்றைக் கண்காணிப்பதில் இது சிறிய விஷயமல்ல. எனவே படத்தைப் பார்த்தவுடன் அவசரமாக க்ளிக் செய்திட வேண்டாம்.

இந்த விடைகளைக் கொண்டே கம்ப்யூட்டருக்கும் விலங்குகளை அடையாளம் காணக் கற்றுக் கொடுத்து, 2018ல் ஆய்வு முடிவை வெளியிட்டனர். அப்படியானால் நமக்கு வேலை இல்லையா? கம்ப்யூட்டர் தயங்கும் படங்களுக்கு இன்னும் மனிதக் கண் தேவை.

பிரவுசரில் ஜூனிவர்ஸ் டாட் ஆர்க் தளத்தைத் திறந்து, இயற்கைப் பிரிவில் படங்கள் காத்திருக்கும் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும். கட்டணம் இல்லை. விலங்குகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும், மாதிரிப் படங்கள் உதவும்.

புதியவர்களைக் குழப்புபவை தாம்சன், கிராண்ட் என்ற இரண்டு வகை கெசல் மான்கள். விலாவில் உள்ள கறுப்புப் பட்டையை மட்டும் நம்பாதீர்கள். சில கிராண்ட் மான்களுக்கும் அது உண்டு. பின்புறத்தைப் பாருங்கள். வெள்ளை நிறம் வாலுக்கு மேலேயும் ஏறியிருந்தால் அது கிராண்ட்.