பொம்மைக் கட்டையில் நாடாளுமன்றம்: வடிவமைத்தவருக்கு உரிமை உண்டா?

புதுதில்லி: பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கென உருவாக்கப்படும் பொருளே பொம்மை என்கிறது, மத்திய அரசு 2020 பிப்ரவரியில் பிறப்பித்த பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை. அந்த வயதைக் கடந்து இருபது, முப்பது ஆண்டுகள் ஆன பின்னரும் பிளாஸ்டிக் கட்டைகளைக் கைவிடாதவர்கள் நாட்டின் பெருநகரங்களில் இருக்கின்றனர். பெட்டியில் வரும் கையேட்டைப் பார்த்துக் கட்டுவதோடு இவர்கள் நிற்பதில்லை. ரயில் என்ஜின், கோட்டை, பாலம், கோயில் என்று தாமே வடிவமைத்து, அதன் படத்தையும் கட்டும் முறையையும் மற்றவர்களுக்கு வழங்குகின்றனர்.

தரக் கட்டுப்பாட்டு ஆணையின் வரையறைக்குள் இவர்கள் இல்லை. ஆனால், சுங்க வரியும் வடிவமைப்புகள் சட்டமும் இவர்களைத் தொடாமல் விடவில்லை. அதிலும், தான் உருவாக்கியதை நாலு பேருக்குக் காட்டுவதே அதன் மீதான உரிமையை இழக்கப் போதுமானது என்பது, இப் பொழுதுபோக்கில் ஈடுபட்டுள்ள பலர் அறியாத செய்தி.

16 மில்லிமீட்டர் கணக்கு

இதைக் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்குபவர்கள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறினை எத்தனை விதமாக இணைக்க முடியும்? 1974-இல் லெகோ நிறுவனம் கூறிய விடை 10,29,81,500. அது ஆறும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் அமைப்புகளை மட்டுமே கணக்கில் கொண்டது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் பின்னர் கணினி உதவியுடன் கண்டறிந்த விடை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765.

இத்தனை வாய்ப்புகள் இருந்தும், நினைத்த உருவம் எளிதில் கைகூடுவதில்லை. குமிழுக்கும் குமிழுக்கும் இடையே 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர்; அதில் மூன்றில் ஒரு பங்கான தகட்டின் உயரம் 3.2 மில்லிமீட்டர். இந்த அளவுகளை மீற முடியாது.

தில்லியில் உள்ள பழைய நாடாளுமன்றக் கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம். லுட்யென்ஸும் ஹெர்பர்ட் பேக்கரும் வடிவமைத்து 1927-இல் திறக்கப்பட்ட அந்த வட்டக் கட்டடத்தின் விட்டம் 560 அடி. வெளித் தாழ்வாரத்தில் 27 அடி உயரமுள்ள 144 தூண்கள். மேஜை மீது வைக்கும் அளவில், சுமார் 26 சென்டிமீட்டர் விட்டத்தில் இதைக் கட்ட நினைத்தால் சுற்றளவில் 103 குமிழ்களுக்குத்தான் இடம் இருக்கும். இடைவெளியே இல்லாமல் நிறுத்தினாலும் 144 தூண்கள் அடங்கா. அப்படியானால் எத்தனை தூண்களைக் கைவிடுவது? நூறாக நிறுத்தினால் சுவர் போலாகிவிடும்; ஐம்பதாகக் குறைத்தால் தில்லிக்காரர்கள்கூட அடையாளம் காண்பது சிரமம்.

ஒரு தூணையும் விடுவதில்லை என்று முடிவு செய்தால், தூணுக்கு ஒரு குமிழ், இடைவெளிக்கு ஒரு குமிழ் என 288 குமிழ்கள் தேவை. விட்டம் ஏறத்தாழ 73 சென்டிமீட்டராகிவிடும். இது உண்மைக் கட்டடத்தில் 233-இல் ஒரு பங்கு. அந்த அளவில் ஒவ்வொரு தூணும் 35 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். பதினொரு தகடுகளை அடுக்கினால் 35.2 மில்லிமீட்டர். இப்படிப் பொருந்தி வருவது அரிது. அவ்வாறு வரும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்காகத்தான் இரவெல்லாம் விழித்திருக்கின்றனர்.

அதோடு முடிந்துவிடவில்லை. சதுரக் குமிழ் வரிசையில் வட்டம் வராது. எனவே, ஆறு தூண்கள் கொண்ட 24 துண்டுகளாகப் பிரித்து, கீல் கட்டைகளால் பிணைத்து வளைக்க வேண்டும். குமிழ்கள் தெரியாத வழவழப்பான சுவர் வேண்டுமானால் கட்டைகளைப் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்த வேண்டும். ஐந்து தகடுகளின் உயரமும் இரண்டு குமிழ்களின் அகலமும் 16 மில்லிமீட்டர் என்பதால்தான் இது சாத்தியமாகிறது. பெரியவர்களின் நுணுக்கமான படைப்புகள் பலவற்றின் அடியில் இந்தச் சமன்பாடு இருக்கிறது.

இதையெல்லாம் கணினித் திரையிலேயே முதலில் கட்டிப் பார்க்க வழி செய்தவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன். 1995-இல் அவர் எழுதிய 'எல்டிரா' என்ற மென்பொருளை இலவசமாகவே வழங்கினார். இரண்டே ஆண்டுகளில், 1997-இல் அவர் காலமானார். அவர் வகுத்த கோப்பு முறையை ஆர்வலர்கள் இன்றும் வளர்த்து வருகின்றனர்.

பிறர் வடிவத்தில் பிறந்த கட்டை

உரிமைப் பிரச்னை இந்தக் கட்டைகளோடு கூடவே பிறந்தது. டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் 1932-இல் மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் டேனிஷ் சொற்களிலிருந்து வந்தது லெகோ என்ற பெயர். 1949-இல் அந்நிறுவனம் வெளியிட்ட பிளாஸ்டிக் கட்டைகளுக்கு முன்மாதிரி, பிரிட்டனின் ஹிலாரி ஃபிஷர் பேஜ் உருவாக்கிய 'கிடிகிராஃப்ட்' கட்டைகள். உள்ளே குழாய்கள் வைத்து, இறுகப் பிடிக்கும் இன்றைய கட்டைக்கு 1958 ஜனவரி 28-ஆம் தேதிதான் காப்புரிமை கோரப்பட்டது. கிடிகிராஃப்ட் கட்டைகளின் உரிமையை லெகோ விலைக்கு வாங்கியது 1981-இல்.

காப்புரிமைக் காலம் முடிந்ததும் கட்டையின் வடிவத்தை வர்த்தக முத்திரையாகக் காத்துக்கொள்ள லெகோ முயன்றது. கனடா உச்ச நீதிமன்றம் 2005-லும், ஐரோப்பிய நீதிமன்றம் 2010-லும் அதை நிராகரித்தன. செயல்பாட்டுக்காக அமைந்த வடிவத்தை முத்திரை என்ற பெயரில் காலவரையின்றி ஒருவரே வைத்திருக்க முடியாது என்பது இத்தீர்ப்புகளின் சாரம். இதே கட்டைகளைப் பிற நிறுவனங்களும் தயாரித்து விற்பதற்கு இதுவே அடிப்படை.

கட்டை பொதுவாகிவிட்டது. அதைக் கொண்டு ஒருவர் உருவாக்கும் வடிவம்? லெகோ நிறுவனம் இதற்கு ஒரு வணிக வழியைக் கண்டது. 2008-இல் ஜப்பானில் தொடங்கி, 2011-இல் உலகெங்கும் விரிந்து, 2014-இல் 'ஐடியாஸ்' என்று பெயர் மாறிய திட்டத்தில், ஆர்வலர் ஒருவரின் வடிவமைப்புக்கு 10 ஆயிரம் பேர் ஆதரவு தெரிவித்தால் நிறுவனம் அதைப் பரிசீலிக்கும். தேர்வானால் நிகர விற்பனையில் ஒரு சதவீதம் அவருக்கு. 'நாசா' பெண் அறிவியலாளர்களைப் பற்றிய மாயா வைன்ஸ்டாக்கின் தொகுப்பு 2017-இல் இவ்வழியில்தான் கடைக்கு வந்தது. ஒரு சதவீதம் போதுமா என்பது வேறு விவாதம். ஆனால், ஒரு விகிதமாவது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

வரிச் சுவர்

இந்தியாவில் முதல் தடை வடிவமைப்பில் இல்லை. கட்டை கிடைப்பதில் இருக்கிறது. ஒரு படைப்புக்கு ஒரே வகையான சாம்பல் நிற ஓடுகள் இருநூறு தேவைப்படலாம். முழுப் பெட்டிகளை வாங்கி உடைத்தால் கட்டுபடியாகாது. உதிரிக் கட்டைகளுக்கெனவே ஓர் உலகச் சந்தையை, டான் ஜெசெக் என்ற ஆர்வலர் 2000-இல் இணையத்தில் தொடங்கினார். 'பிரிக்லிங்க்' எனப்படும் அதை 2019-இல் லெகோ நிறுவனமே வாங்கிவிட்டது. ஆனால், வெளிநாட்டிலிருந்து வரும் சிறு பொட்டலமும் சுங்கத்தைக் கடந்தாக வேண்டும். அன்பளிப்பாக அனுப்பி வைக்கச் சொல்லும் பழைய வழியும் 2019 டிசம்பரில், அன்பளிப்புகளுக்கான வரிச் சலுகை நீக்கப்பட்டபோது அடைபட்டது.

அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 2023 பட்ஜெட்டில் 70 சதவீதமானது. சுங்கப் பட்டியலில் 9503 என்ற அந்தத் தலைப்பு வயது பார்ப்பதில்லை. மூன்று சக்கர சைக்கிள், பாவை, புதிர்கள், அளவு குறைத்த மாதிரிகள் எல்லாம் அதற்குள் வருகின்றன. 2020 முதல் பெரியவர்களுக்கென '18+' என்று அச்சிட்டு லெகோ விற்கும் கருப்புப் பெட்டிகளும் இங்கு பொம்மைகளாகவே வந்து இறங்க வேண்டும்.

அரசின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2019-இல் இந்தியத் தரக் கவுன்சில் தில்லி வட்டாரச் சந்தையில் எடுத்த பொம்மைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பாதுகாப்புச் சோதனையில் தேறவில்லை. குழந்தைகள் வாயில் வைக்கும் பொருளில் ஈயம் இருப்பதை எந்த அரசும் அனுமதிக்க முடியாது. 2021 ஜனவரி 1 முதல் தரச் சான்று கட்டாயமானது. 2014-15-இல் 33 கோடி டாலருக்கு மேல் இருந்த பொம்மை இறக்குமதி, 2022-23-இல் 16 கோடி டாலருக்கும் கீழே இறங்கியது. அதே காலத்தில் ஏற்றுமதி சுமார் 9.6 கோடியிலிருந்து 32.5 கோடி டாலராக உயர்ந்தது. அரசு பெருமையுடன் கூறிவரும் புள்ளிவிவரம் இது.

தில்லியை ஒட்டிய குருகிராமில் 2025 மே மாதம் லெகோவின் அங்கீகாரம் பெற்ற முதல் கடை திறக்கப்பட்டது. 2025-26 பட்ஜெட் உரையில், இந்தியாவைப் பொம்மைகளின் உலக மையமாக்கும் திட்டத்தை நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். தயாரிப்பு பெருகுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், எவருடைய வடிவத்தைத் தயாரிக்கப் போகிறோம் என்ற கேள்வி பட்ஜெட் உரைகளில் எழுவதில்லை.

காட்டினால் போயிற்று

இக்கேள்விக்கு விடை, வடிவமைப்புகள் சட்டம் 2000-இன் 4-ஆவது பிரிவில் இருக்கிறது. விண்ணப்பம் செய்யும் தேதிக்கு முன்னர் இந்தியாவிலோ வேறு எந்த நாட்டிலோ பொதுமக்களுக்கு வெளிப்பட்டுவிட்ட வடிவத்தைப் பதிவு செய்ய முடியாது என்கிறது அது. கண்காட்சியில் வைத்தாலும், படம் எடுத்து வெளியிட்டாலும் வெளிப்பாடுதான். வெளியிட்டவர் வடிவமைத்தவராகவே இருந்தாலும் விலக்கு இல்லை. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியாக இருந்து, பதிவாளருக்கு முன்னதாகவே தகவல் கொடுத்து, ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்தால் 21-ஆவது பிரிவில் பாதுகாப்பு உண்டு. வார இறுதியில் சமுதாயக் கூடத்தில் நடக்கும் ஆர்வலர் கண்காட்சிகளுக்கு அரசிதழ் அறிவிப்பு எங்கிருந்து வரும்?

சரி, பதிவு வேண்டாம், பதிப்புரிமை போதும் என்றால் அங்கும் ஒரு கண்ணி. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 15-ஆவது பிரிவின்படி, பதிவு செய்திருக்கக்கூடிய வடிவத்தைப் பதிவு செய்யாமல் விட்டு, உரிமையாளரோ அவரது அனுமதி பெற்றவரோ அந்தப் பொருளைத் தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால் அந்த வடிவத்தின் பதிப்புரிமை முடிந்துவிடும். அதாவது, படைப்பு விலைபோகத் தொடங்கும் கட்டத்தில்தான் ஆபத்து. கலைப் படைப்பு எது, தொழில் வடிவம் எது என்று பிரித்தறிய, கிரையோகாஸ் வழக்கில் 2025 ஏப்ரல் 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சோதனை முறை ஒன்றை வகுத்தது. அது எரிவாயு கொண்டு செல்லும் டிரெய்லர்களின் வரைபடங்கள் தொடர்பான வழக்கு என்றாலும், பொம்மை வடிவமைப்பாளர்களும் அதே அளவுகோலைத்தான் சந்திக்க வேண்டியிருக்கும்.

மாற்றத்துக்கான வாசல் திறந்திருக்கிறது. சவூதி அரேபியத் தலைநகர் ரியாதில் 2024 நவம்பர் 22-ஆம் தேதி ஏற்கப்பட்ட வடிவமைப்புச் சட்ட உடன்படிக்கை, வடிவமைத்தவரே வெளியிட்டிருந்தால் அதன் பிறகும் 12 மாதம் வரை விண்ணப்பிக்க அவகாசம் தருகிறது. அம்மாநாட்டின் இறுதி ஆவணத்தில் இந்தியாவும் கையெழுத்திட்டது. எனினும், இறுதி ஆவணத்தில் கையெழுத்திடுவதால் உடன்படிக்கை இங்கு சட்டமாகிவிடாது. 4-ஆவது பிரிவு மாற வேண்டுமானால் திருத்த மசோதா நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேற வேண்டும்.

அதுவரை உள்ள நடைமுறை இதுதான்: தனிநபருக்கான விண்ணப்பக் கட்டணம் ரூ.1,000. பொம்மைகளுக்கான வகைப்பாட்டு எண் 21-01. விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வடிவமைப்புப் பிரிவு கொல்கத்தாவில் செயல்படுகிறது. பதிவு கிடைத்தால் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. படம் வெளியே போவதற்கு முன்பே விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும்.