மன்னித்தால் மறந்துவிட வேண்டுமா? சாந்தோம் சொல்லும் பதில்!

"மன்னிச்சுட்டேன்... ஆனா மறக்க மாட்டேன்!"

சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி முதல், கல்யாணப் பந்தியில் சரியாகக் கவனிக்கப்படாத சம்பந்தி வரை எல்லோரும் சொல்கிற வசனம் இது. சொல்பவரின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், இன்னும் மன்னிக்கவில்லை என்று. அதனாலோ என்னவோ, நடந்ததை அடியோடு மறந்தால்தான் உண்மையான மன்னிப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். மன்னிப்பைப் பற்றி ஓயாமல் பேசும் கிறிஸ்தவ மதம் இதற்கு என்ன சொல்கிறது? பதிலைத் தேடி மயிலாப்பூரைத் தாண்ட வேண்டியதில்லை.

கச்சேரி சாலையில் கடற்கரைப் பக்கமாகப் போனால் சாந்தோம் பேராலயம். வெள்ளைக் கோபுரத்தோடு இன்று நிற்கும் கட்டடம் 1896-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் அடியில் இருக்கும் கல்லறை, இயேசுவின் 12 சீடர்களில் ஒருவரான புனித தோமையாருடையது என்பது நெடுங்கால நம்பிக்கை. 'சந்தேகத் தோமா' என்றே பெயர் எடுத்துவிட்டார், பாவம்!

ஆனால், அவர் கேட்டது என்ன என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சிலுவையில் இறந்த இயேசு உயிரோடு வந்தார் என்று மற்ற சீடர்கள் சொன்னபோது, கைகளில் ஆணி பாய்ந்த இடத்தையும், விலாவில் ஈட்டி குத்திய இடத்தையும் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றார். அற்புதம் எதையும் கேட்கவில்லை, காயத்தைக் கேட்டார். ஒரு வாரம் கழித்து இயேசு வந்து அதையே காட்டினார் என்கிறது யோவான் நற்செய்தி. சாவையே வென்று எழுந்த உடம்பிலும் அந்தத் தழும்புகள் மறையவில்லை.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. தோமையார் இல்லாத அந்த முதல் மாலையில், கைகளையும் விலாவையும் காட்டிய பிறகுதான் பாவங்களை மன்னிக்கும் பொறுப்பைச் சீடர்களிடம் கொடுத்தார் இயேசு. காயமும் மன்னிப்பும் ஒரே அறையில்தான் பேசப்பட்டன.

1986 பிப்ரவரி 5 அன்று இந்தக் கல்லறைக்கு வந்து வணங்கிய ஒருவர், தன் உடம்பிலும் தழும்போடு வந்திருந்தார். போப் இரண்டாம் ஜான் பால். 1981 மே 13 அன்று ரோமில், புனித பேதுரு சதுக்கத்தில் மெஹ்மெத் அலி ஆக்ஜா என்ற துருக்கி இளைஞன் அவரைத் துப்பாக்கியால் சுட்டான். நான்கே நாளில், ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடியே அவனை மன்னித்துவிட்டதாக அறிவித்தார் போப். 1983 டிசம்பர் 27-ல் சிறைக்கே போய், அவனுடன் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் பிரபலம்.

அதிகம் பேசப்படாத பாதி இனிமேல்தான். அந்தச் சந்திப்பில் ஆக்ஜா மன்னிப்பே கேட்கவில்லை என்று பின்னாளில் எழுதினார் போப்பின் செயலாளராக இருந்த ஸ்தனிஸ்லாவ் ஜீவிஷ். மன்னித்த போப்பும் எதையும் மறந்துவிடவில்லை. உடம்பில் பாய்ந்த குண்டைப் பத்திரமாக வைத்திருந்து போர்ச்சுகலின் பாத்திமா மாதா ஆலயத்துக்குக் கொடுத்தார். மாதாவின் கிரீடத்தில் இன்றும் இருக்கிறது அது. ஆக்ஜாவும் 2000-ம் ஆண்டு வரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தான்.

மன்னிப்புக்குப் பைபிள் சொல்லும் உவமை பெரும்பாலும் கடன்தான். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில், தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பும் 'கடன்' என்ற சொல்லையே பயன்படுத்துகிறது. கைமாற்று கொடுத்து ஏமாந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கொடுத்த தொகை எவ்வளவு என்று நினைவில் இருப்பவர்தானே, 'போகட்டும், நீ தர வேண்டாம்' என்று சொல்ல முடியும்?

நம் நாட்டில் இதைக் கண்முன்னே காட்டியவர் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ். அவருடைய கணவர் கிரஹாம் ஸ்டெயின்ஸ், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஒடிசாவின் பாரிபடாவில் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்தவர். 1999 ஜனவரி 22 நள்ளிரவில், மனோகர்பூர் கிராமத்தில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவரையும், பிலிப் (10), திமோத்தி (6) என்ற இரண்டு மகன்களையும் ஒரு கும்பல் உயிரோடு எரித்தது. கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக கிளாடிஸ் சொன்னபோது நாடே திகைத்தது. மகள் எஸ்தருடன் அதே ஊரில் தங்கி, கணவர் விட்ட வேலையைத் தொடர்ந்தார்.

மன்னித்துவிட்டார் என்பதற்காக வழக்கு நிற்கவில்லை. மன்னிப்பு வேறு, குற்றத்துக்கான தண்டனை வேறு என்பதில் அவரும் தெளிவாக இருந்தார். 2003-ல் முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு மரண தண்டனை. 2005-ல் ஒடிசா உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

இந்த வித்தியாசம் புரியாததால் நம் வீடுகளில் நடக்கும் அநியாயம் கொஞ்சமல்ல. அடித்து நொறுக்கும் புருஷனிடமே, "மன்னிச்சு வாழப் பாரும்மா" என்று பெண்ணைத் திருப்பி அனுப்பும் பெரியவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். அதோடு ஒரு வேத வசனமும் சேர்ந்துகொண்டால், அந்தப் பெண் வாயே திறக்க முடியாது. ஆனால், ஒரே நாளில் ஏழு முறை வந்து மனம் மாறிவிட்டேன் என்று சொன்னாலும் மன்னித்துவிடு என்று சொன்ன இயேசு, அதற்கு முந்தைய வரியில் தவறு செய்தவனைக் கண்டிக்கச் சொல்கிறார். லூக்கா நற்செய்தியில் இருக்கிறது. பிரசங்கத்தில்தான் அடிக்கடி விட்டுப்போகிறது! கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனத்திலும் அப்படித்தான். திருடியவர் மனம் வருந்தினால் மட்டும் போதாது, திருடியதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மன்னிக்க ஒருவர் போதும். மறுபடி சேர்ந்து வாழ இரண்டு பேர் வேண்டும். அதில் ஒருவர் மாறியிருக்கவும் வேண்டும்.

திருச்சபைக்கும் தன் பழைய கணக்கைத் திறந்து பார்க்கும் நாள் வந்தது. 2000 மார்ச் 12 அன்று, யூதர்களுக்கும் பிற மதத்தினருக்கும் பெண்களுக்கும் எதிராகக் கிறிஸ்தவர்கள் செய்த தவறுகளுக்காகக் கடவுளிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார் இரண்டாம் ஜான் பால். வத்திக்கான் அதற்கு வைத்த பெயர், 'நினைவைத் தூய்மைப்படுத்துதல்'. அழித்தல் என்று சொல்லவில்லை.

அவர் 2005-ல் காலமானார். 2014 டிசம்பர் 27 அன்று, வத்திக்கானில் உள்ள அவர் கல்லறைக்கு வெள்ளை ரோஜாக்களோடு வந்தார் ஒருவர். 31 வருடங்களுக்கு முன் இதே தேதியில் சிறை அறையில் அவரைச் சந்தித்த, அதே அலி ஆக்ஜா.