ரயிலில் குடித்தால் என்ன தண்டனை? பாட்டிலைக் கொண்டு போகலாமா? சட்டம் உண்மையில் சொல்வது என்ன?

வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரிலிருந்து கிளம்பும் எந்த ரயிலிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். சைடு லோயரில் நான்கு பேர். கையில் ஒரு குளிர்பான பாட்டில். ஆனால் உள்ளே இருப்பது குளிர்பானம் மட்டும் இல்லை என்பது பெட்டி முழுக்கத் தெரியும். பத்து மணிக்கு மேல் குரல் ஏறும். எதிர் பெர்த்தில் தனியாகப் போகும் பெண் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டு, தூங்குவது போல் படுத்திருப்பார். டிடிஇ வந்து டிக்கெட் பார்த்துவிட்டு அப்படியே போய்விடுவார்.

"ரயில்ல குடிக்கறதுக்குத் தடை இல்லையா?" என்று கேட்டால் எல்லோரும் "இருக்கு" என்பார்கள். எந்தச் சட்டத்தில், எந்த வார்த்தைகளில் இருக்கிறது என்று கேட்டால்தான் விஷயம் சிக்கலாகும்.

ரயில்வே சட்டம் தண்டிப்பது எதை?

1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் இதற்கான பிரிவு 145. ரயில் பெட்டியிலோ ரயில்வே இடத்திலோ ஒருவர் போதையில் இருந்தால், தொல்லை கொடுத்தால், ஆபாசமாக நடந்தால், கெட்ட வார்த்தை பேசினால் ரயில்வே ஊழியர் அவரை அங்கிருந்து வெளியேற்றலாம். டிக்கெட்டோ பாஸோ பறிபோகும். அதற்கு மேல் ஆறு மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம். முதல் தடவை சிக்கினால் குறைந்தபட்சம் 100 ரூபாய் அபராதம். மறுபடியும் சிக்கினால் குறைந்தது ஒரு மாத சிறையும் 250 ரூபாயும். 1989ல் சட்டம் எழுதப்பட்டபோது வைத்த தொகைகள் இவை. இன்றைக்கு ஒரு குவார்ட்டர் வாங்கவே 100 ரூபாய் போதாது.

இதில் கவனிக்க வேண்டிய வார்த்தை 'போதையில் இருந்தால்'. குடிப்பது என்ற செயலை இந்தப் பிரிவு நேரடியாகக் குற்றமாகச் சொல்லவில்லை, குடித்த பிறகு வரும் நிலையைத்தான் சொல்கிறது. வக்கீல்தனமான வித்தியாசம் மாதிரி தெரியலாம். ஆனால் நடைமுறையில் எல்லாம் மாறுவது இந்த இடத்தில்தான்.

ஒருவர் போதையில் இருக்கிறாரா என்று எப்படி முடிவு செய்வது? வண்டி ஓட்டுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 185 ஒரு அளவு வைத்திருக்கிறது: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். அதைத் தாண்டினால் குற்றம், ஊதினால் தெரிந்துவிடும். ரயில் பயணிக்கு அப்படி ஒரு எண் பிரிவு 145ல் கிடையாது. வழக்காகப் போனால் மருத்துவப் பரிசோதனை, சாட்சி எல்லாம் தேவைப்படும். ராத்திரி இரண்டு மணிக்கு, அடுத்த ஸ்டேஷன் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது, பல பெட்டிகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் டிடிஇயிடம் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியுமா? அவர் கண்டும் காணாமல் போவதற்கு சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லை.

அதனால்தான் இந்தப் பிரிவு பெரும்பாலும் தகராறு முற்றிய பிறகுதான் வேலைக்கு வருகிறது. அமைதியாகக் குடித்துவிட்டுப் படுத்துவிடுபவர் தப்பிவிடுவார். சத்தம் போடுபவர், பக்கத்து சீட்டுக்காரரிடம் வம்பு செய்பவர் மாட்டுவார். சட்டத்தின் நோக்கமே அதுதானே என்று ஒருவர் வாதிடலாம். அந்த 'தகராறு முற்றும்' வரை எதிர் பெர்த்தில் இருப்பவர் காத்திருக்க வேண்டும் என்பதுதான் பிரச்சினை.

சரி, மூடிய பாட்டிலைப் பையில் வெச்சுக்கிட்டுப் போகலாமா?

இதற்கு ரயில்வே சட்டத்தில் நேரடியான பதில் இல்லை. பதில் நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி ரயில்வே மத்திய அரசின் பட்டியலில் வருகிறது. மதுவோ மாநிலப் பட்டியலில். மது தயாரிப்பது, வைத்திருப்பது, எடுத்துச் செல்வது, விற்பது எல்லாமே மாநில அரசின் அதிகாரம். ஆக, வண்டி டெல்லியுடையது, பையில் இருக்கும் பாட்டில் அந்தந்த மாநிலத்துடையது.

பெங்களூரிலிருந்து பீகாரின் தானாப்பூர் வரை போகும் சங்கமித்ரா எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடகா, தமிழ்நாடு, ஆந்திரா, தெலங்கானா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், பீகார் என எட்டு மாநிலங்கள். ஒரே சீட், ஒரே பை, ஒரே பாட்டில். ஆனால் எட்டு கலால் சட்டங்கள். பெங்களூரில் பில் போட்டு வாங்கிய பாட்டில், பக்ஸர் தாண்டும்போது கடுமையான குற்றமாகிவிடுகிறது. காரணம், பீகாரில் 2016 ஏப்ரல் முதல் முழு மதுவிலக்கு. அங்கே குடித்து முதல் தடவை பிடிபட்டவர், 2022ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அபராதம் கட்டிவிட்டு வெளியே வர வழி உண்டு. ஆனால் பாட்டில் வைத்திருப்பது, கடத்துவது எல்லாம் பல ஆண்டு சிறை வரை போகும். எல்லைக்குள் வரும் ரயில்களில் சோதனை நடப்பதும் சகஜம்.

சென்னையிலிருந்து அகமதாபாத் போகும் நவஜீவன் எக்ஸ்பிரஸ் பயணிகளுக்கும் இதே கதைதான். 1960ல் மாநிலம் உருவானதிலிருந்தே குஜராத்தில் மதுவிலக்கு. வெளிமாநிலத்தவருக்குப் பெர்மிட் முறை உண்டு, ஆனால் அது இல்லாமல் பையில் பாட்டில் இருந்தால் 'நான் மும்பையில் வாங்கினேன்' என்பது பதில் ஆகாது.

மெட்ரோவில் மட்டும் எப்படி இரண்டு பாட்டில்?

2023 ஜூன் கடைசியில் டெல்லி மெட்ரோ நிர்வாகம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. ஒரு பயணி சீல் உடைக்காத இரண்டு மது பாட்டில் வரை கொண்டு போகலாம். அதுவரை ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் பாதையில் மட்டும் இருந்த அனுமதி, எல்லாப் பாதைகளுக்கும் விரிந்தது. மெட்ரோ வளாகத்துக்குள் குடிக்கத் தடை அப்படியே தொடரும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

சமூக வலைதளங்களில் மீம்கள் பறந்தன. ஆனால் அந்த விதி கேலிக்குரியது இல்லை என்பது என் கருத்து. மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதை ஒரு காவலர் ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். போதையை அளக்கத் தேவையில்லை, மருத்துவர் தேவையில்லை. லண்டனில் 2008 ஜூன் 1 முதல் பஸ், சுரங்க ரயில்களில் குடிக்கத் தடை வந்தபோதும் இதே வழியைத்தான் எடுத்தார்கள்: திறந்த பாட்டிலோ கேனோ கையில் இருக்கக் கூடாது.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. டெல்லி மெட்ரோ நொய்டாவுக்கும் போகிறது, குருகிராமுக்கும் போகிறது. அதாவது உத்தரப் பிரதேசம், ஹரியானா. மாநில எல்லை தாண்டி எவ்வளவு கொண்டு வரலாம் என்பதில் கலால் விதிகள் வேறு. இரண்டு பாட்டில் அனுமதி எங்கள் விதியோடு ஒத்துப்போகவில்லை என்று டெல்லி கலால் துறையே கேள்வி எழுப்பியது. மெட்ரோ விட்டாலும் கலால் அதிகாரி விட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மறுபடியும் அதே இரட்டை அதிகாரப் பிரச்சினை.

மெட்ரோவில் போதையில் இருப்பதற்கான தண்டனை 2002ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் சட்டத்தின் பிரிவு 59ல் இருக்கிறது. அங்கேயும் 500 ரூபாய் வரைதான் அபராதம், சிறை கிடையாது. டிக்கெட் போகும், இறக்கி விடுவார்கள்.

பஸ்ஸில்?

இங்கே மத்திய சட்டம் கிட்டத்தட்ட மௌனம். மோட்டார் வாகனச் சட்டம் குடித்துவிட்டு ஓட்டுபவரைத்தான் குறிவைக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். பயணியைக் கையாள்வது மாநில விதிகளும் கண்டக்டரும்தான். அவர் இறக்கிவிடலாம். நடுராத்திரி நெடுஞ்சாலையில் இறக்கிவிடுவாரா, இறக்கிவிட்டு அந்த ஆளுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்பதெல்லாம் அவர் தலையில்.

"தனியார் ஸ்லீப்பர் பஸ், கர்ட்டன் போட்டாச்சு, என் இடம்" என்று நினைப்பவர்களுக்கு ஒரு தீர்ப்பு. 2016ல் ஜார்க்கண்டின் கிரிதியிலிருந்து பாட்னாவுக்குச் சொந்தக் காரில் போன சிலரை பீகார் எல்லையில் ஊதச் சொன்னார்கள். காரில் பாட்டில் எதுவும் கிடைக்கவில்லை. தனியார் வாகனம் பொது இடம் ஆகாது என்று அவர்கள் வாதிட்டனர். 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பொதுச் சாலையில் செல்லும் தனியார் வாகனமும் பீகார் சட்டத்தின்படி 'பொது இடம்'தான் என்றது. சொந்தக் காருக்கே அப்படியென்றால் கர்ட்டன் போட்ட பெர்த்துக்கு எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் கொடுக்கிறார்களே?

உள்நாட்டு விமானங்களில் கொடுப்பதில்லை, சர்வதேச விமானங்களில் மட்டும்தான். கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2022 நவம்பர் 26ஆம் தேதி நியூயார்க்–டெல்லி ஏர் இந்தியா விமானத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்ட சம்பவம் நினைவிருக்கும். போதையிலிருந்த பயணி ஒருவர் மூத்த பெண் பயணி மீது சிறுநீர் கழித்தார் என்ற புகார். 2023 ஜனவரியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, விமானியின் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்தி வைத்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. விமானத்தில் தொல்லை கொடுக்கும் பயணிகளுக்கு 2017லேயே மூன்று நிலைகள் வகுத்துவிட்டார்கள். வாய்ச்சண்டை என்றால் மூன்று மாதம் வரை பறக்கத் தடை, கை நீட்டினால் ஆறு மாதம் வரை, உயிருக்கு ஆபத்து என்றால் குறைந்தது இரண்டு ஆண்டு. நடவடிக்கை எடுக்காவிட்டால் நிறுவனமே மாட்டும். ரயிலில் இதற்கு இணையாக எதுவும் இல்லை. 500 ரூபாய் கட்டியவர் மறுநாளே தத்காலில் டிக்கெட் எடுக்கலாம்.

இன்னொரு முரண்பாடு. ஐஆர்சிடிசி நடத்தும் மகாராஜா எக்ஸ்பிரஸ் சொகுசு ரயிலில் 'சஃபாரி பார்' என்றே ஒரு பெட்டி இருக்கிறது. அதே தண்டவாளம், அதே ரயில்வே சட்டம். முன்பதிவில்லாத பெட்டியில் வாசலோரம் உட்கார்ந்திருக்கும் கட்டடத் தொழிலாளி வாயில் வாடை வந்தால் இறக்கிவிடப்படுவார். பிரிவு 145 'போதையில் இருப்பதை' மட்டும் சொல்வதால் இரண்டுமே சட்டப்படி சரியாகிவிடுகிறது. தடை வேண்டும் என்று சொல்பவர்கள் இந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

உங்கள் பெட்டியில் நடந்தால்?

நேரடியாகப் போய் சண்டை போடாதீர்கள். 139க்கு அழையுங்கள், அல்லது ரயில்மதத் செயலியில் பிஎன்ஆர் எண்ணைப் போட்டுப் புகார் பதியுங்கள். 'குடிக்கிறார்கள்' என்று மட்டும் சொல்வதைவிட 'போதையில் கத்துகிறார்கள், கெட்ட வார்த்தை பேசுகிறார்கள்' என்று நடப்பதைச் சொல்லுங்கள். பிரிவு 145ன் வார்த்தைகளுக்குள் அது நேராக வந்துவிடும். பெட்டி எண், சீட் எண், அடுத்து வரும் ஸ்டேஷன் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் ரயில்வே பாதுகாப்புப் படையினர் எங்கே ஏறி எங்கே வர வேண்டும் என்பது தெளிவாகும். யாராவது தொட்டாலோ மிரட்டினாலோ அது வெறும் ரயில்வே சட்டக் குற்றம் இல்லை. ரயில்வே போலீஸில் தனியாக எஃப்ஐஆர் பதிய வேண்டிய விஷயம். அதற்காக உங்கள் பயணத்தை நடுவழியில் நிறுத்த வேண்டியதில்லை, எந்த ரயில்வே காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்த எல்லைக்கு அவர்கள் அதை மாற்றி அனுப்புவார்கள்.