படமெறி கருவியும் பாடசாலை மண்டபமும்

காதாற் கேட்டதினும் கண்ணாற் கண்டது உள்ளத்தில் நெடுநாள் நிலைக்கும் என்பதை ஆசிரியத் தொழிலிற் சிறிது காலம் பழகியோர் எவரும் அறிவர். இதயத்தின் அறைகளூடே குருதி செல்லும் வழியைச் சொல்லால் விளக்கப் புகின் ஒரு பாடவேளை முழுவதும் கழியும். அதனையே சுவரிற் பெரிதாகப் படமிட்டுக் காட்டின், கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையும் சில நிமிடங்களில் விளங்கிக்கொள்ளும். இப்பணிக்கென இக்காலத்துப் பாடசாலைகளுக்கு வாய்த்திருப்பது இலக்கமுறைப் படமெறி கருவியாகும். பேச்சு வழக்கிற் புறொஜெக்ரர் என்பதும் இதுவே.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர் தத்தம் தாய்க் கல்லூரிக்கு மனமுவந்து அளிக்கும் பொருள்களுள் இக்கருவியும் ஒன்று. ஆயினும் கருவியைப் பெறுதல் வேறு, அதனாற் பயன் கொள்ளுதல் வேறு. கையளிப்பு விழாவில் ஒளிர்ந்த கருவி, அடுத்த ஆண்டிலே அலுமாரியில் உறங்கும் காட்சி நம் குடாநாட்டிற் புதியதன்று. அவ்வுறக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் கருவியின் குறையன்று. நிறுவும் முறையும் பேணும் முறையும் அறியாமையே. அவ்வறியாமையை ஓரளவு நீக்கும் நோக்குடன் இச்சிறு கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

கருவி வந்த வழி

ஒளியின் துணைகொண்டு சுவரிற் படம் வீழ்த்துங் கலை மிகப் பழையது. ஒல்லாந்து நாட்டு விஞ்ஞானி கிறித்தியான் ஐகன்சு என்பார் 1659 ஆம் ஆண்டளவில் மாய விளக்கு என்னுங் கருவியை அமைத்தார். கண்ணாடித் தகட்டில் தீட்டிய சித்திரத்தின் பின்னே விளக்கும் முன்னே வில்லையும் வைத்தால், சுவரிற் பெரிய படம் தோன்றும் என்பதே அதன் தத்துவம். அசையும் படத்தை 1895 திசம்பர் 28 ஆம் நாள் பாரிசு நகரிற் கட்டணம் பெற்றுக் காட்டினர் இலூமியர் சகோதரர். தமிழகத்திலே, தென்னிந்திய இரயில்வேயில் பணிபுரிந்த சாமிக்கண்ணு வின்சென்ற் என்பார், 1905 இல் திருச்சிராப்பள்ளியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊரூராகக் கூடாரமிட்டுப் படங் காட்டினார்.

இன்றைய கருவியிற் படச்சுருள் இல்லை. கணினியிலிருந்து வரும் மின்குறிகளே படமாகின்றன. இதற்கு இருவகை முறைகள் பெருவழக்காக உள. ஒன்று திரவப் பளிங்கு முறை. மின்குமிழின் வெள்ளொளி சிறப்பான ஆடிகளாற் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரிக்கப்பட்டு, மூன்று சிறு பளிங்குத் தகடுகளூடே சென்று, அரியம் ஒன்றில் மீண்டும் ஒன்றுகூடி, வில்லை வழியே வெளிவரும். மற்றையது நுண்ணாடி முறை. இதற்குரிய சில்லினை அமெரிக்க நிறுவனமான தெக்சாசு இன்ஸ்ருமென்ற்சில் பணிபுரிந்த இலறி கோர்ன்பெக் 1987 இல் ஆக்கினார். நகத்தளவான அச்சில்லின்மீது, 1024 நிரலும் 768 நிரையுமாக எண்ணினால் 786,432 நுண்ணாடிகள் அமைந்திருக்கும். ஒவ்வோர் ஆடியும் ஒரு செக்கனில் ஆயிரக்கணக்கான முறை சாய்ந்து நிமிர்ந்து, ஒளியைத் திரைக்கு அனுப்பவும் மறுக்கவும் வல்லது. இரு முறைகளிலும் முடிவு ஒன்றே: புள்ளி புள்ளியாக ஒளி சேர்ந்து படமாகின்றது.

கருமை எங்கிருந்து வருகின்றது?

கருவியை நிறுவுவோர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. படமெறி கருவி ஒளியை எறியும், இருளை எறியாது. படத்திலே கறுப்பாகத் தோன்றும் பகுதி, கருவி ஒளி வீசாது விட்ட பகுதியேயாம். ஆகவே அவ்விடத்திற் சுவர் எவ்வளவு வெளிச்சமாக உள்ளதோ, அவ்வளவே படத்தின் கருமையும். நண்பகல் வெயில் விழும் வெள்ளைச் சுவரிலே கருமை என்பதே இல்லையாதலால், எத்துணை விலையுயர்ந்த கருவியாயினும் அங்கே படம் வெளிறியே தோன்றும்.

நம்மூர்ப் பாடசாலை மண்டபங்கள் பல காற்றோட்டங் கருதி அரைச்சுவருடன் கட்டப்பட்டவை. பலாலி வீதிப் பக்கத்து வெயிலும் வாழைத் தோட்டத்து வெளிச்சமும் தங்குதடையின்றி உள்ளே புகும். இவற்றை முற்றாக அடைத்தல் இயலாது. வெப்பத்திற் பிள்ளைகள் வாடுவர். ஆதலின் மண்டபம் முழுவதையும் இருளாக்க முயலாது, திரை நிற்கும் இடத்தை மட்டும் நிழலாக்குதல் அறிவுடைமை. திரையை வெளிச்சத்துக்கு எதிர்முகமாக அன்றிப் பக்கமாக நிறுத்துக. திரைக்கு அண்மையிலுள்ள இரண்டு மூன்று திறப்புகளுக்குக் கறுப்புச் சீலை இடுக. காலையிற் கிழக்கு வெயிலும் மாலையில் மேற்கு வெயிலும் படாத சுவரைத் தெரிக. இவ்வளவே போதும்.

ஒளியின் அளவு இலூமென் என்னும் அலகாற் கூறப்படும். 3,000 இலூமென் கருவி ஒன்று 2 மீற்றர் அகலமும் 1.5 மீற்றர் உயரமுமான படத்தை வீழ்த்தின், பரப்பு 3 சதுர மீற்றராதலால், ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் 1,000 இலூமென் கிடைக்கும். அதனையே 4 மீற்றர் அகலமும் 3 மீற்றர் உயரமுமாகப் பெருப்பித்தால் பரப்பு நான்கு மடங்காகி, ஒளி 250 ஆகக் குறையும். படம் பெரிதாக வேண்டும் என்னும் ஆசையாற் பலர் கெடுத்துக்கொள்வது இதனையே. பகல் வேளையிற் சிறிய தெளிந்த படமே சிறந்தது. இராக்கால விழாவிற் பெரிதாக்கிக் கொள்ளலாம்.

இடமும் உயரமும்

திரையின் உயரம், கடைசி வரிசைக்கும் திரைக்கும் உள்ள தூரத்தில் ஆறிலொரு பங்கேனும் இருத்தல் வேண்டும் என்பது அனுபவ விதி. 9 மீற்றர் நீளமான வகுப்பறைக்கு 1.5 மீற்றர் உயரம் போதும். திரையின் கீழ்விளிம்பு நிலத்திலிருந்து 4 அடிக்குக் குறையின், முன்வரிசையினரின் தலைகள் பின்வரிசையினருக்குப் படத்தின் பகுதியாகிவிடும்.

கருவியை எத்துணைத் தூரத்தில் வைப்பது என்பதற்குக் கைந்நூலில் எறிவிகிதம் என ஓர் எண் தரப்பட்டிருக்கும். அவ்வெண்ணைப் படத்தின் அகலத்தாற் பெருக்கினால் தூரம் கிடைக்கும். எறிவிகிதம் 1.5 ஆயின், 2 மீற்றர் அகலப் படத்துக்குக் கருவி 3 மீற்றருக்கு அப்பால் இருத்தல் வேண்டும். எறிவிகிதம் 0.5 ஆன குறுந்தூரக் கருவிக்கு 1 மீற்றரே போதும். பின்னையது சிறு வகுப்பறைக்கு உகந்தது. ஆசிரியரின் நிழல் திரையில் விழாது, அவர் கண்ணிலும் ஒளி பாயாது. கருவியின் வில்லையை நேரே நோக்குதல் கண்ணுக்குக் கேடு என்பதைச் சிறு பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லி வைத்தல் நன்று.

மேசைமேல் வைக்குங் கருவிகள் பெரும்பாலும் ஒளியைச் சற்று மேல்நோக்கி எறியுமாறு அமைந்தவை. எனவே வில்லையும் படத்தின் கீழ்விளிம்பும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருத்தல் தக்கது. கருவியின் முன்பக்கத்தைப் புத்தகம் வைத்து உயர்த்தினால், செவ்வகமாக இருக்க வேண்டிய படம் மேலே அகன்றும் கீழே குறுகியும் சரிவகமாகும். இதனைத் திருத்தும் பொறி கருவியிலேயே உண்டெனினும், அது படத்தைச் சுருக்கித் தெளிவைக் குறைத்தே திருத்துகின்றது. மேசையை உயர்த்துதல் முதல் மருந்து. பொறியைப் பயன்படுத்துதல் இறுதி மருந்து.

இணைத்தலும் இயக்கலும்

வடங்களை எல்லாம் முதலிற் பூட்டுக. அதன்பின் கருவியின் ஆளியைப் போடுக. ஒளி முழுமை பெற ஒரு நிமிடமளவு செல்லும். இறுதியிற் கணினியை இயக்குக. படம் தோன்றாதாயின் கலக்கம் வேண்டா. எந்த வடத்தின் வழியே படம் வருகின்றது என்பதைக் கருவிக்கு உணர்த்தும் பொத்தானை அழுத்துக. கணினியில் விண்டோஸ் விசையையும் பி விசையையும் ஒருங்கே அழுத்தி, இரு திரையிலும் ஒரே படம் என்னுந் தெரிவை ஏற்க. பத்தில் எட்டு இடர்ப்பாடுகள் இவ்விரண்டினால் நீங்கிவிடும். எச்.டி.எம்.ஐ. வடம் 10 மீற்றரைக் கடக்குமாயின், மலிவான வடம் குறிகளைத் தளர்த்திப் படத்தை மின்னி மறையச் செய்யும்; அங்கே தரமான வடமே கொள்க.

தெளிவைச் சரிசெய்யும்போது முகப் படத்தை வைத்துப் பாராது, எழுத்துள்ள பக்கத்தை வைத்து நடுவிலும் நான்கு மூலைகளிலும் நோக்குக. ஒலியைக் கருவியின் சிறு ஒலிபெருக்கியில் விட்டுவிடாது, கணினியிலிருந்து மண்டபத்து ஒலிபெருக்கிக்குக் கொண்டு செல்க.

தமிழில் எழுதுவோர்க்குத் தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. நம்மவர் பலர் இன்றும் பாமினி எழுத்துருவிலே தட்டச்சுச் செய்கின்றனர். அவ்வெழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றிய ஒன்றாதலால், அஃது இல்லாத கணினியிலே திறந்தவுடன் தமிழ் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய் உருமாறும். வீட்டில் அழகாயிருந்த பாடம், மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோர் முன்னிலையிற் குழம்பி நிற்பது இதனாலேயே. ஒருங்குறியில் எழுதுக, அன்றேல் பி.டி.எப். கோப்பாக்கிக் கொண்டு வருக. ஒரு பக்கத்துக்கு ஏழு வரிக்கு மேல் எழுதுதல் வேண்டா. நிறைய எழுதிய திரையைப் பிள்ளைகள் படிப்பதும் இல்லை, ஆசிரியரைக் கேட்பதும் இல்லை.

பேணும் முறை

மின்குமிழே இக்கருவியின் உயிர். உயரழுத்த இரச ஆவி விளக்காதலால் அது மிகுந்த வெப்பம் உடையது. 3,000 முதல் 5,000 மணித்தியாலம் வரை ஒளிர வல்லது. பாடசாலை நடைபெறும் 200 நாள்களில், நாளொன்றுக்கு 2 மணித்தியாலம் இயக்கினால் ஆண்டுக்கு 400 மணித்தியாலமே செல்லும். கணக்கின்படி ஒரு மின்குமிழ் பத்தாண்டு உழைக்கலாம். நடைமுறையில் அவ்வாறு உழையாமைக்குக் காரணங்கள் இரண்டு: ஒன்று தூசு, மற்றையது சடுதியான மின்தடை.

வலிகாமத்துச் செம்மண் வெங்காயத்துக்கும் வாழைக்கும் பொன்னானது; கருவிக்கோ பகையானது. அந்நுண்ணிய தூசு காற்றுவடியை அடைத்தால் வெப்பம் வெளியேறாது. மின்குமிழ் காலத்துக்கு முன்னே அவியும். மாதம் ஒருமுறை காற்றுவடியைக் கழற்றி மென்தூரிகையால் துடைத்தல் வேண்டும். வில்லையை வேட்டித் தலைப்பால் துடைத்தல் ஆகாது. அதற்குரிய மென்றுணியே தக்கது. விடுமுறைக் காலத்திற் கருவியை மூடி வையாதுவிடின், குளவி கூடு கட்டவும் பல்லி முட்டையிடவும் காற்றுத் துவாரங்கள் இடங்கொடுக்கும்.

கருவியை நிறுத்தியபின் உள்ளிருக்கும் விசிறி ஓயும்வரை செருகியைக் கழற்றற்க. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு நிகழ்ந்த நாடு இது. சடுதியாக மின் நின்றால் விசிறியும் நிற்கும். கொதிக்கும் மின்குமிழ் ஆறாது வெடிக்கவும் கூடும். யூ.பி.எஸ். என வழங்கும் மின்கலப் பெட்டி ஒன்றைச் சேர்த்து வைத்தால், கருவியை முறைப்படி நிறுத்தச் சில நிமிடம் கிடைக்கும். மின்குமிழ் வெடித்ததாயின் அதில் இரசம் உள்ளமையால், சாளரங்களைத் திறந்து பிள்ளைகளை வெளியேற்றுக. புதிதாக வாங்குவோர், ஏறக்குறைய 20,000 மணித்தியாலம் உழைக்கும் இலேசர் ஒளிக் கருவியைக் கருதுதல் நலம். விலை கூடினும் மின்குமிழ் மாற்றுஞ் செலவு இல்லை.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்

நன்கொடையாளர்க்கு நாம் கூற விரும்புவது இதுவே. கருவியின் விலையோடு ஒரு மாற்று மின்குமிழ், ஒரு மின்கலப் பெட்டி, நல்ல வடம், கறுப்புச் சீலை ஆகியவற்றின் விலையையும் சேர்த்து அனுப்புங்கள். கருவியின் பொறுப்பை ஓர் ஆசிரியரிடம் மட்டும் விடாது, இரண்டு ஆசிரியரையும் நான்கு மாணவரையும் பழக்கி வைக்குமாறு கல்லூரியை வேண்டுங்கள். ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் செல்வார். அறிவு கல்லூரியில் எஞ்ச வேண்டும்.

இதனை இத்துணை அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. 1990 இன் பின்னர் மின்சாரம் அற்றுப்போன ஆண்டுகளிலே, சிறு போத்தலில் துளி மண்ணெண்ணெய் விட்டுத் திரி ஏற்றி அவ்வொளியிற் படித்துப் பரீட்சை எழுதிய தலைமுறை ஒன்று நம்மிடையே உண்டு. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. 1995 ஒற்றோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் கையிற் கொண்டதோடு தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, வீடுகளில் விட்டுவந்த புகைப்படங்களும் கல்லூரி மலர்களும் எத்தனையோ மறைந்தன. எஞ்சியவை இன்று தொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் பழைய மாணவரின் பெட்டிகளில் உள்ளன. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய ஆவணத் திட்டம், கல்லூரி மலர் போன்ற பழைய வெளியீடுகளை எண்ணிம வடிவிற் சேர்த்து எவரும் படிக்க உதவுகின்றது.

பெட்டியில் இருக்கும் அப்படங்களைப் படியெடுத்து அனுப்புங்கள். யூபிலி விழா இரவொன்றில், முன்னைய அதிபரும் ஆசிரியரும் விளையாட்டு அணியினரும் மண்டபத்துச் சுவரிலே பேருருவாய்த் தோன்றட்டும். தம் பாட்டனார் நின்ற இடத்தை இன்றைய மாணவர் கண்டு கொள்ளட்டும். அதற்கு வேண்டுவன ஒரு வெள்ளைச் சுவரும் தூசு துடைத்த ஒரு வில்லையும் பழகிய இரு கைகளுமேயாம். நம் கல்லூரிக்கு அம்மூன்றும் என்றும் குறைவின்றி அமைவதாக.